பில்லில் ‘கம்ப்ளீட் ஓவர்ஹால்’, உள்ளே ரிங்கும் பேரிங்கும் மட்டும்: லாரா வி.ஆர்.எஸ். வைத்திருப்பவர்களுக்கு

ஸ்கோடா லாரா வி.ஆர்.எஸ்., 1.8 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது என்று கோவையில் ஒரு பட்டறைக்குப் போன வண்டி. பில் 1,40,000 ரூபாய். அதில் ‘கம்ப்ளீட் இன்ஜின் ஓவர்ஹால், லேபர் உட்பட’ என்று ஒரே ஒரு வரி. டெலிவரி எடுத்த சில வாரத்திலேயே ஆயில் பழையபடி இறங்கியது, பிறகு அடியில் டக் டக் சத்தம். கேட்டதற்கு வந்த பதில்: “டர்போ வண்டி சார், ஆயில் குடிக்கத்தான் செய்யும்.” கம்பெனி கையேடே 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரைதான் அனுமதிக்கிறது.

வேறு இடத்தில் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைத் தூக்கியபோது விஷயம் வெளியே வந்தது.

பழைய பிஸ்டனிலேயே புது ரிங் போட்டிருக்கிறார்கள். இந்த இன்ஜினுக்கு அது வீண் செலவு. இதன் ஆயில் ரிங் மெல்லியது. அதன் பின்னால் ஆயில் வடிய வேண்டிய துளைகள் சிறியவை, கரி அடைத்துவிடும். அதனால்தான் கம்பெனியே பிற்பாடு அகலமான ஆயில் ரிங் கொண்ட பிஸ்டனுக்கு மாறியது. அந்தப் புது ரிங் பழைய பிஸ்டன் காடியில் உட்காராது. பிஸ்டனோடு செட்டாகத்தான் வாங்க வேண்டும். பிஸ்டன் வாங்கும்போது, அதைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னின் விட்டத்தையும் உங்கள் ராடோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பட்டறைக்காரர் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) அளவைக் காட்டி “பாருங்க, நாலு சிலிண்டரும் ஒண்ணா நிக்குது” என்றாராம். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு ரிங்குகள். ஆயிலை வழிப்பது மூன்றாவது. கம்ப்ரஷன் அருமையாக இருக்கும்போதே ஆயில் காலியாகும், அந்தப் பரிசோதனை இந்த நோய்க்கு எதையும் நிரூபிக்காது.

பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையான போரில், கையால் எமரித்தாள் ஓட்டிய கோடுகள். 82.5 மி.மீ. போரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், இரண்டு திசையில் போர் கேஜ் வைத்து அளந்த பிறகுதான் ஹோனிங் (லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) போதுமா, ரீபோர் (கடைந்து பெரிதாக்குவது) வேண்டுமா என்று சொல்லவே முடியும். நல்ல லேத் பட்டறை எண்களை எழுதியே கொடுக்கும். இங்கே ஒரு எண்கூட இல்லை. ராடு பேரிங்கும் அப்படித்தான்: இடைவெளி 0.02 முதல் 0.06 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்துப் பார்க்காமல் ‘ஸ்டாண்டர்ட் சைஸ்’ போட்டு மூடியிருக்கிறார்கள். ராடு போல்ட்டும் ஹெட் போல்ட்டும் பழையவையே. இவை குறித்த டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கியபின் டிகிரிக் கணக்கில் இழுத்து முறுக்கும் போல்ட்டுகள், ஒரு முறைக்குத்தான்.

டக் டக் சத்தத்துக்குக் காரணம் இதைவிட மோசம். முதல் தடவை தேய்ந்த பேரிங்கின் உலோகத்தூள் ஆயில் ஃபில்டர் பிராக்கெட்டில் இருக்கும் ஆயில் கூலருக்குள் அப்படியே இருந்தது. உள்ளே குறுகலான அடுக்குகள். பெட்ரோல் ஊற்றிக் குலுக்கினால் வராது. புதிதாகத்தான் போட வேண்டும். பம்ப்பின் உறிஞ்சு குழாய் வலையிலும் தூள். டர்போவின் ஆயில் லைனில் கரி. புது பேரிங் போட்டு, பழைய தூளையே அதற்குப் புகட்டியிருக்கிறார்கள்! டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலைக்கூட வடிக்கவில்லை.

டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பழைய டிசைன். இந்த வரிசை இன்ஜினில் அது தளர்ந்து செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் அடிக்கும்; ஹெட்டும் போகும். முன்பக்கம் திறந்திருக்கும்போதே மாற்றாமல் விட்டதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

இத்தனைக்கும் நடுவே, “ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டால் லைஃப் வரும்” என்று இன்னொரு லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். கம்பெனி போட்ட டர்போவுக்கு அது தேவையே இல்லை. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனுக்குப் பயன்படும் 2618 அலுமினிய அலாய் சூட்டில் அதிகம் விரியும், அதனால் இடைவெளி கூட்டி வைப்பார்கள்; காலையில் சத்தம் போடும், ஆயில் செலவும் குறையாது. அந்தக் காசில் பிஸ்டன் செட், பேரிங், போல்ட், டென்ஷனரோடு செயின் கிட், ஆயில் கூலர் வாங்குங்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் டர்போவில் பிடியுங்கள்: ஷாஃப்ட் ஆட்டம் இல்லையென்றால் லைனை மட்டும் மாற்றிப் பழையதையே ஓட்டலாம். இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து சோதித்தால் போதும். ஹெட் வெளியே இருக்கும்போதே இன்டேக் வால்வில் படிந்த கரியைச் சுரண்டிவிடச் சொல்லுங்கள், டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் அதைக் கழுவாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்ட் நம்பரோடு பட்டியல், லேத் அளவுகள், பழைய உதிரிகள் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்து, ஆயில் பிரஷர் வரும்வரை கிராங்க் செய்யச் சொல்லி நேரில் நில்லுங்கள். 500 கி.மீ.யில் ஆயில் மாற்றும்போது ஃபில்டரை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். காகித மடிப்பில் மினுமினுப்பு நிறைய தெரிந்தால் வண்டியை அங்கிருந்து ஓட்டி வராதீர்கள்.