சிங்கப்பூரா, ஹொங்கொங்கா, பெங்களூரா? ஹட்டனிலிருந்து போட்ட கணக்கு

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. போன ஜூலையில் சின்னவளுக்கு விழுந்த கோடு 118 சென்டிமீட்டர், பெரியவனுக்கு 143. எந்த நாட்டுத் தீம் பார்க்குக்குப் போவது என்பதை அந்த இரண்டு கோடுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் நம்புவதில்லை.

போகிறவர்கள் ஐந்து பேர்: நானும் மனைவியும், ஏழு வயது மகள், பதினொரு வயது மகன், அறுபத்தேழு வயது அம்மா. காசு இரண்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்தது. அதுவரை பிள்ளைகள் கண்ட பெரிய விளையாட்டெல்லாம் ஏப்ரல் சீசனில் நுவரெலியா கிரகரி வாவிப் பக்கம் போடுகிற ராட்டினம்தான். மேசையில் மூன்று பெயர்கள் இருந்தன: யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர், ஹொங்கொங் டிஸ்னிலாண்ட், பெங்களூர் வொண்டர்லா. மலேசியாவின் லெகோலாண்டும் ஒரு நாள் வந்து போனது. அது இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்துக் கட்டியது. பெரியவன் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிங்கப்பூர் வழியாக ஜொகூர் போனால் இரண்டு நாட்டுக் குடிவரவு வரிசையும் நிற்க வேண்டும். விட்டுவிட்டோம்.

முதலில் விசா. நம் பாஸ்போட்டுக்குச் சிங்கப்பூர் விசா கேட்பதில்லை. இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும், அதுவும் இலவசம். இந்தியாவுக்கு விசா வேண்டும், இணையத்திலேயே எடுக்கலாம். ஹொங்கொங்குக்குத்தான் முறையான விண்ணப்பம், வங்கிக் கணக்கு விபரம், வாரக்கணக்கில் காத்திருப்பு எல்லாம். விசா வருமுன் டிக்கெட் போட முடியாது, டிக்கெட் விலையோ ஏறிக்கொண்டே இருக்கும். முதல் தடவை வெளிநாடு போகிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் அந்தப் பென்சில் கோடு. இந்தப் பூங்காக்களில் வயதை விட உயரத்துக்குத்தான் மதிப்பு. ரைட் ஒவ்வொன்றின் வாசலிலும் ஓர் அளவுகோல் நிற்கும், அதற்குக் கீழே தலை இருந்தால் கெஞ்சினாலும் விடமாட்டார்கள். டிஸ்னிலாண்டில் ஹைபர்ஸ்பேஸ் மவுண்டனுக்கும் அயர்ன் மேனுக்கும் 102 சென்டிமீட்டர் போதும், மலைக்குள் ஓடுகிற பிக் கிரிஸ்லி ரோலர் கோஸ்டருக்கு 112. எங்கள் சின்னவளுக்கு ஏறக்குறைய எல்லாமே திறந்த கதவு. சிங்கப்பூரில் டிரான்ஸ்ஃபோர்மர்ஸுக்கு 102, ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரிக்கு 107, அதுவரை சரி. ஆனால் இருட்டில் ஓடும் மம்மி கோஸ்டருக்கு 122, ஒன்றோடொன்று மோதுவதுபோல் பாயும் பட்டில்ஸ்டார் கலக்டிகா இரட்டைக் கோஸ்டருக்கு 125. வொண்டர்லாவில் டிக்கெட்டையே உயரத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்: 85 சென்டிமீட்டருக்குக் கீழ் இலவசம், 140 வரை சிறுவர் கட்டணம். பெரிய ரைடுகள் பலவற்றுக்கும் அந்த 140தான் எல்லை. அங்கே போனால் மகன் ராஜா, மகள் வேடிக்கை பார்ப்பாள். டிஸ்னியில் நேர் எதிர். சிங்கப்பூரில் இருவருக்கும் முக்கால் திருப்தி. அண்ணன் தங்கச்சி சண்டையைத் தீர்த்து வைத்தவர்களுக்கு அந்த முக்காலின் அருமை தெரியும்.

மூன்றிலும் மலிவு பெங்களூர், சந்தேகமே இல்லை. கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறையப் பறந்தால் இறங்கிவிடலாம். தமிழ் பேசிச் சமாளிக்கலாம், வயிற்றுக்கும் பழகிய சாப்பாடு. ஆனால் வரைபடத்தைப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே, வொண்டர்லா மைசூர் வீதியில் பிடதியில், நகரத்திலிருந்து 28 கிலோமீட்டர் தாண்டி. நடுவில் பெங்களூர் டிரபிக். பறந்த நேரத்துக்கும் மேலே வேனில் உட்கார வேண்டும். போனால் பூங்காவோடு ஒட்டியிருக்கும் அவர்களுடைய ரிசோட்டிலேயே தங்குவதுதான் புத்தி. இன்னொன்று, வொண்டர்லாவில் பாதி சந்தோஷம் தண்ணீரில். நைலோன் நீச்சல் உடுப்பு இல்லாமல் அதற்குள் இறங்க விடமாட்டார்கள். அம்மா வாழ்நாளில் சேலை தவிர வேறு உடுத்தியவரில்லை. “நான் பேக்கைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்” என்றார். அதற்காக அவரைக் கடல் தாண்டிக் கூட்டிப்போக எனக்கு மனமில்லை.

கடைசியில் சிங்கப்பூருக்கே போனோம். அந்தக் கணக்கு மூச்சடைக்க வைக்கும். பெரியவர் டிக்கெட் 80 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டொலர்) மேல், பிள்ளைகளுக்கும் அறுபது வயது தாண்டியவர்களுக்கும் குறைவு. ஐவருக்கும் சேர்த்து வாசலைத் தாண்டவே எழுபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேலே போய்விடும். வரிசையைத் தாண்டிப் போக எக்ஸ்பிரஸ் பாஸ் என்று ஒன்று விற்கிறார்கள், கூட்டமான நாளில் அதன் விலை டிக்கெட்டோடு போட்டி போடும். நாங்கள் வாங்கவில்லை. திறப்பதற்கு அரை மணி முன்பே போய் நின்று, நேராக டிரான்ஸ்ஃபோர்மர்ஸுக்கு நடந்தோம். 2025 பெப்ரவரியில் திறந்த மினியன் லாண்ட் பகுதியில்தான் எல்லோரும் போய் விழுகிறார்கள், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காசு மிச்சம் பிடித்த இடம் தங்குமிடம். பார்க் இருக்கும் செந்தோசாத் தீவுக்குள் தங்கினால்தான் அனுபவம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஹொங்கொங்கில் அது சரி. டிஸ்னியின் மூன்று ஹோட்டல்களும் பூங்காவுக்குப் பக்கத்தில், விமான நிலையமும் அதே லாண்டாவ் தீவை ஒட்டித்தான், இரவு கோட்டை முன்னால் வாணவேடிக்கை பார்த்துவிட்டு நடந்தே அறைக்குப் போய்விடலாம். சிங்கப்பூரில் எனக்கு அது வீண்செலவாகவே படுகிறது. லிட்டில் இந்தியாவில் அறை எடுத்தோம். ரயில் ஏறினால் மாறாமலேயே ஹார்பர்ஃபுரன்ட் நிலையம். அங்கிருந்து 4 வெள்ளிக்கு மோனோரயில், அல்லது கடலோர நடைபாதையில் சும்மாவே நடந்து போகலாம். மாலையில் திரும்பினால் சிராங்கூன் வீதியில் இட்லி, தோசை. ரயில் நிலையப் பலகையில் தமிழைப் பார்த்த அம்மா நின்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். நம் ஊர் ஒபிஸ்களில் தமிழ்ப் பலகைக்காக எத்தனை தடவை முறைப்பாடு எழுதியிருப்போம்!

தவறும் நடந்தது. டிக்கெட் போட்டுத் தந்த ஏஜென்ட், இறங்குகிற நாளிலேயே பார்க்குக்கும் பதிவு செய்துவிட்டார். திகதி போட்ட டிக்கெட், மாற்ற முடியவில்லை. ஹட்டனிலிருந்து வேன் மத்தியானம் புறப்பட்டது, கித்துள்கல வளைவுகளில் சின்னவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். கட்டுநாயக்காவில் நள்ளிரவு தாண்டி விமானம், நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கே கடிகாரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவதால் காலை ஏழரை ஆகிவிட்டது. பத்து மணிக்குப் பார்க் வாசலில் நின்றவர்களில் எங்களைப்போல் கண் சிவந்தவர்கள் வேறு யாரும் இல்லை. நமக்கு வெயிலும் பழக்கமில்லை. 31, 32 பாகை, காற்றே அசையாது. பகல் இரண்டு மணிக்கு மின்னல் வந்தது, வெளியே ஓடும் ரைடுகளை நிறுத்திவிட்டார்கள். மழைக்கு ஒதுங்கத் தெரியாதவர்களா நாம்? ஆனால் மகள் பெஞ்சில் என் மடியிலேயே தூங்கிப்போனாள். பணம் தலைக்கு மேலே மழையாகப் போய்க்கொண்டிருந்தது. இறங்கிய நாளைச் சும்மா விடுங்கள், அடுத்த நாள் போங்கள்.

நாற்பது வருடம் மலையேறிக் கொழுந்து பறித்த அம்மாவுக்கு முழங்கால் தேய்வு. வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. காலையில் கேட்டபோது கோபப்பட்டவர், மூன்று மணிக்கு அவராகவே, “அந்த வண்டி இன்னும் இருக்கா தம்பி?” என்றார். அதன் பிறகு கூட்டத்துக்குள் முன்னால் போனவரும் அவர்தான்.

நாள் குறிப்பதில் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளின் ஆகஸ்ட் விடுமுறையில் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், வார நாளில் கூட்டம் தாங்கும். ஆகஸ்ட் 9 அவர்களுடைய தேசிய தினம், அதை ஒட்டிய நாட்கள் வேண்டாம். இந்தியாவுக்கு ஆகஸ்ட் 15 அப்படித்தான். ஹொங்கொங்குக்கு ஆகஸ்ட் சரிவராது, வெக்கையும் புயல் காலமும் ஒன்றாக வரும். அங்கே டிசம்பர்தான்.

எங்கள் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. மூத்த பிள்ளை 140ஐத் தாண்டி, கூட வயதானவர் இல்லாவிட்டால் நான் பெங்களூருக்கே போயிருப்பேன், மிச்சக் காசில் மைசூரும் பார்த்திருக்கலாம். பிள்ளைகள் இருவரும் சின்னவர்கள் என்றால் விசா அலைச்சலையும் பொறுத்துக்கொண்டு ஹொங்கொங். நுவரெலியாவில் இருக்கும் தங்கச்சிக்கு ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள். 2023 நவம்பரில் ஹொங்கொங் டிஸ்னியில் ஃப்ரோசன் படத்து உலகம் திறந்த நாளிலிருந்து மூத்தவள் அதே பேச்சு. தங்கச்சிக்கு டிஸ்னியைத்தான் சொன்னேன். பேப்பரெல்லாம் கொடுத்துவிட்டாள், டிசம்பர் பயணம். நேற்று போன் எடுத்து, ஹொங்கொங்கில் அப்போது 18 பாகையாமே, பிள்ளைகளுக்குப் புதுசாகக் குளிர் உடுப்பு வாங்க வேண்டுமா என்று கேட்கிறாள். நுவரெலியாக் குளிரில் இருந்துகொண்டு.