எண்ணெய் மிச்சம் என்று 850 வெள்ளி கொடுத்தேன். பொய் சொல்லும் முள்தான் கிடைத்தது

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய புரோட்டோன் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் இன்ஜின் மாற்றி ஓட்டுபவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். எண்ணெய் (பெட்ரோல்) மிச்சம் செய்து தருவதாகச் சொல்லி என்னை ஏமாற்றிய பட்டறையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை இனிமேல்தான். ஆனால் காரில் செய்த வேலையைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. இதே வேலையை என் அக்கா மகனின் காருக்கும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என்னுடையது வீரா 1.6. எனக்கு முன் வைத்திருந்தவர் அதில் 4ஜி93 என்னும் 1.8 இன்ஜினை ஏற்றி, காரின் பதிவு அட்டையான கிராண்டிலும் முறையாகப் பதிந்திருந்தார். நான் தினமும் செம்மோர் வழியாக ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறேன். போக வர அறுபது கிலோமீட்டர் தாண்டும். லிட்டருக்கு 9 கிலோமீட்டர்தான் கிடைத்தது. மாதக் கடைசியில் அது பெரிய சுமை.

பட்டறைத் தம்பி பொறுமையாகக் கேட்டார். இன்ஜினில் தீப்பொறி விழும் நேரமான டைமிங்கை ஏற்றி, டேஷ்போர்டுக்கு அடியில் நீல விளக்கு எரியும் ஒரு சிறிய பெட்டியைப் பொருத்தினார். “அண்ணே, எண்ணெய் மீட்டர் முள்ளை மட்டும் பாருங்கள், வித்தியாசம் தெரியும்” என்றார். தெரிந்தது. முன்பு 200 கிலோமீட்டரில் பாதிக்கு இறங்கிய முள், இப்போது 260 ஓடியும் பாதிக்கு வரவில்லை. வீட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

இரண்டாம் வாரம் மேட்டில் ஏறும்போது இன்ஜினில் கடகடவென்று ஒரு சத்தம். கேட்டதற்கு, “ரோன் 97 பெட்ரோல் ஊற்றுங்கள், சரியாகிவிடும்” என்றார். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 30 முதல் நமக்கு ரோன் 95 லிட்டர் 1.99 வெள்ளி, 97-க்கு மானியம் கிடையாது, மூன்று வெள்ளிக்கு மேல் போகிறது. எண்ணெய்ச் செலவைக் குறைக்கப் போனவனை விலை கூடிய எண்ணெய்க்கு அனுப்புவது என்ன வேலை?

அடுத்த வாரம் ஓர் இரவு, மகளை ஈப்போவிலிருந்து அழைத்து வரும்போது, காந்தான் சுண்ணாம்பு மலை பக்கத்தில் கார் இரண்டு முறை இழுத்துவிட்டு நின்றுவிட்டது. மழை. பக்கத்திலேயே லாரிகள் சீறிக்கொண்டு போகின்றன. முள் கால் டாங்க்குக்கு மேலேயே காட்டுகிறது. பெட்ரோல் பம்பு போய்விட்டது என்றே நினைத்தேன். மைத்துனர் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து லிட்டர் ஊற்றினார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஓடியது. மகளை அந்த இருட்டில் நிறுத்தி வைத்தது எது என்று அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

மறுநாள் ஈப்போவில் வயதான ஒரு சீன போமேனிடம் (மெக்கானிக்) காரைக் கொண்டு போனேன். பின்னிருக்கையைத் தூக்கி, டாங்க்கில் எண்ணெய் அளவைக் காட்டும் மிதவையிலிருந்து வரும் கம்பியைக் காட்டினார். அதில் மின்தடை தரும் ஒரு சிறிய ரெசிஸ்டரைப் பற்றவைத்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். இந்தக் காரில் எண்ணெய் குறையக் குறைய மிதவையின் மின்தடை கூடும். அதைப் பார்த்துத்தான் முள் இறங்கும். அதற்கு இணையாக இன்னொரு ரெசிஸ்டரை இணைத்தால் அந்தத் தடை முன்போல் ஏறாது. டாங்க் நிறைந்திருக்கும்போது முள் ஏறக்குறைய சரியாகவே காட்டும். அடியில் போகப் போகத்தான் பொய் பெரிதாகும். நீல விளக்குப் பெட்டியைத் திறந்தோம். விளக்கும் அதற்கு மின்சாரம் தரும் இரண்டு கம்பிகளும் தவிர உள்ளே ஒன்றுமில்லை. டைமிங் ஒன்பது டிகிரி முன்னே தள்ளப்பட்டிருந்தது. இன்னும் சில மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும் என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. என் கார் ஏன் எண்ணெய் குடிக்கிறது என்பது பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடிய விஷயம். வெப்ப முள் எப்போதும் அடியிலேயே கிடந்தது. இன்ஜின் சூடாகவில்லையே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். பழைய உரிமையாளர், இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார். நம் ஊரில் பலர் செய்வதுதான். அது இல்லாவிட்டால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து காரின் கணினி கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரும் செத்துப் போயிருந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சென்சார்தான். இரண்டையும் மாற்றி டைமிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர 310 வெள்ளி ஆனது.

பிறகு கணக்கு எழுத ஒரு 555 புத்தகம் (சிறிய குறிப்பேடு) வாங்கினேன். அதே நிலையம், அதே பம்பு. நிரம்பித் தானாக நின்றதும் மீட்டரைக் குறிப்பேன், அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பேன். முதல் கணக்கு: 403 கிலோமீட்டர், 36 லிட்டர். லிட்டருக்கு 11 தாண்டிவிட்டது. முள் பொய் சொல்லலாம், பம்பு காட்டும் லிட்டரை எந்தப் பட்டறையும் என் காருக்குள் கம்பி போட்டு மாற்ற முடியாது. யாராவது எண்ணெய் மிச்சம் செய்து தருவதாகச் சொன்னால், வேலைக்கு முன்னும் பின்னும் இப்படி இரண்டு மூன்று முறை நிரப்பிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ரசீதில் என்ன வேலை என்று எழுதி வாங்குங்கள். என்னுடையதில் ‘சர்வீஸ் 850’ என்று மட்டும் இருந்தது. அதனாலேயே பட்டறைக்காரர், “அந்த ரெசிஸ்டர் நாங்கள் வைத்ததில்லை” என்று துணிந்து சொன்னார். நல்லவேளையாக, வேலை நடந்தபோது மகள் கைப்பேசியில் எடுத்த படத்தில் பின்னிருக்கை கழற்றிக் கிடப்பது தெரிகிறது. டைமிங் வேலைக்குப் பின்னிருக்கையை ஏன் கழற்ற வேண்டும்?

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுக்க ஐந்து வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நான் கேட்டிருப்பது அந்த 850 வெள்ளி. அந்த ரெசிஸ்டரை 555 புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். விசாரணை நாளில் படத்தோடு அதையும் மேசைமேல் வைக்கப் போகிறேன்.