பழைய கம்ப்யூட்டர்ல சவுண்ட் வரலன்னு கடைக்கு தூக்குறதுக்கு முன்னால இதை வாசிச்சுருங்க

வீட்டுல பழைய டெஸ்க்டாப் இருந்து, அதை வயசான ஆளுவ மட்டும் யூஸ் பண்ணிட்டு இருக்காங்கன்னா இது உங்களுக்குத்தான். நாரோயில்ல (நாகர்கோவில்) ஒரு கடையில எனக்க மாமாவை நல்லா ஏமாத்தி விட்டிருக்கானுவ. கடை பேரு போடல, கம்ப்ளைன்ட் குடுத்திருக்கு, அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

மாமா தக்கலைப் பக்கம், ரிட்டயர்டு வாத்தியார். கம்ப்யூட்டர் 2012-ல வாங்குனது, ஐ3 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம். இதை தூக்கிப் போட்டுட்டு லேப்டாப் வாங்குங்கன்னு நாங்க எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு, கேக்க மாட்டாரு, அதுக்கு காரணமும் இருக்கு. குடும்பக் கோயில் கொடையில (திருவிழாவுல) பாடுன வில்லுப்பாட்டை எல்லாம் அந்தக் காலத்துலயே டேப் ரெக்கார்டர்ல பதிஞ்சு வச்சிருக்காரு, முத்தாரம்மன் கதை, இசக்கியம்மன் கதை, சுடலைமாடன் கதைன்னு ஒரு பெட்டி நிறைய கேசட். அதை ஒவ்வொண்ணா ஆடாசிட்டிங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வச்சு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இருந்தாரு. அதுக்கு சிபியு பின்னால உள்ள நீல ஓட்டை வேணும், லைன் இன். பச்சை ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் இந்த மாதிரி டேப்பு கீப்பு கனெக்ட் பண்ண. இப்பம் வர்ற லேப்டாப்ல நீலம் தேடுனாலும் கிடைக்காது. 90 நிமிஷ கேசட்டை ஏத்தணும்னா முழு 90 நிமிஷமும் ஓட விட்டுத்தான் ஆகணும், ஃபைலும் 900 எம்பி கிட்ட வரும், பொறுமை உள்ள மனுஷனுக்கு மட்டும்தான் ஒக்கும்.

பழைய மானிட்டர் போயிட்டுன்னு அவருக்க மவன் புதுசு ஒண்ணு அனுப்பி விட்டான், எச்டிஎம்ஐ கேபிளோட. அதை மாட்டுனதும் சவுண்ட் போச்சு. விஷயம் தெரிஞ்சவங்களுக்கு இந்த இடத்துலயே புரிஞ்சிருக்கும். எச்டிஎம்ஐ கேபிள்ல படத்தோட சவுண்டும் போகும், விண்டோஸ் பல நேரம் நம்மகிட்ட கேக்காமலே சவுண்டை மானிட்டருக்கு திருப்பி விட்டுரும், அந்த மானிட்டர்ல ஸ்பீக்கரே கிடையாது, பின்னால ஹெட்போன் ஓட்டை மட்டும்தான். கீழ வலது மூலையில ஸ்பீக்கர் படத்தை கிளிக் பண்ணி, மானிட்டர் பேரு இருக்குற இடத்துல ரியல்டெக் ஸ்பீக்கர்ஸ்னு (ரியல்டெக்குங்கிறது போர்டுலயே உள்ள சவுண்ட் சிப்) மாத்துனா தீந்துச்சு. அரை நிமிஷ வேலை. நான் திருவனந்தபுரத்துல வேலையில இருந்தேன், மாமா போன் பண்ணி தொந்தரவு குடுக்கண்டாம்னு நேரா ஆட்டோ புடிச்சு கடைக்கு போயிட்டாரு.

கடைக்காரன் என்ன சொன்னான்னா, "சார், விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, அதான் சவுண்ட் சிப் அடிச்சிட்டு, போர்டு மாத்தணும், இல்லன்னா சவுண்ட் கார்டு போட்டு ஃபார்மட் பண்ணலாம்." கேட்டியளா கதையை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் நிறுத்துனது 2025 அக்டோபர் 14, அது உண்மை. ஆனா அதுக்கு அர்த்தம் சாதாரணமா வர்ற அப்டேட் இனி வராதுன்னுதான், அதுக்காக சிப் எதுக்கு கெட்டுப் போகும்? இதுல தமாஷ் என்னன்னா ஃபார்மட் பண்ணிட்டு திரும்பவும் அதே விண்டோஸ் 10-தான் போட்டு விட்டிருக்கான். அந்த மெஷின்ல விண்டோஸ் 11 முறைப்படி ஏறாதுன்னு அவனுக்கும் தெரியும்.

மொத்தம் 2,450 ரூபாய். சவுண்ட் கார்டு 1,850, சர்வீஸ் 600. பில் கிடையாது, ஒரு துண்டு சீட்டுல பேனாவால எழுதிக் குடுத்திருக்கான்.

நான் லீவுல போயி பாத்தேன். பின்னால பச்சை, ரோஸ், நீலம் மூணு ஓட்டைக்கும் சேத்து கறுப்பு டேப் ஒட்டியிருக்கு, "இதுல எதையும் சொருகுனா ஷார்ட் ஆயிரும்"னு மாமாவை பயங்காட்டி விட்டிருக்கானுவ. 1,850 ரூபாய் சவுண்ட் கார்டு எதுன்னு பாத்தா பென்டிரைவ் சைஸ்ல ஒரு யுஎஸ்பி துண்டு, ஆன்லைன்ல 150, 200 ரூபாய்க்கு கிடைக்குமே அது. பாட்டு கேக்க அது போதும், அதை குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுல பச்சையும் ரோஸும்தான் உண்டு. மாமா வேற வழி இல்லாம டேப் ரெக்கார்டரை மைக் ஓட்டையில சொருகி ஏத்தியிருக்காரு, மைக்குக்கு வர்றது ரொம்ப சின்ன சிக்னல், டேப் ரெக்கார்டர்ல இருந்து வர்றதை அது தாங்காது, குடம் அடிக்கிற இடமெல்லாம் கிழிஞ்சு கேக்குது.

கறுப்பு டேப்பை உரிச்சு ஸ்பீக்கரை பச்சையில மாட்டுனேன், சத்தம் இல்ல. விண்டோஸ்ல பார்ட்ஸ் லிஸ்ட் காட்டுற டிவைஸ் மேனேஜர்ல ரியல்டெக்குன்னு ஒரு வரியே இல்ல, மஞ்சள் குறி கூட கிடையாது. டிரைவர், அதாவது சிப்பை ஓட்டுற சாஃப்ட்வேர் பிரச்சனைன்னா ஏதாவது ஒண்ணு காட்டும், சுத்தமா இல்லன்னா சிப் செத்திருக்கணும், இல்லன்னா யாரோ அணைச்சிருக்கணும். ஆன் பண்ணும்போது டெலீட் பட்டனை அமுக்கி பயாஸ்குள்ள (விண்டோஸுக்கு முன்னால வர்ற போர்டு செட்டிங்) போனேன், ஆன்போர்டு ஆடியோ, அதாவது போர்டுல உள்ள சவுண்ட் சிப், டிசேபிள்ல கிடக்கு. எனேபிள் பண்ணி சேவ் பண்ணுனேன், விண்டோஸ் தானே கண்டுபிடிச்சு பாட்டு வந்துட்டு. நீலமும் வேலை செய்யுது. ஒரு கேடும் இல்லாத சிப்பை அணைச்சுப் போட்டுட்டு செத்துப் போச்சுன்னு காசு வாங்கியிருக்கானுவ.

கடைக்கு போயி கேட்டா, "அண்ணே, பயாஸ் பேட்டரி வீக்கா இருந்திருக்கும், தானா ரீசெட் ஆயிருக்கும்"ங்கான். லேய், ரீசெட் ஆனா டீஃபால்ட்டுக்குத்தானே போகும், டீஃபால்ட்ல ஆடியோ ஆன்ல இருக்கும், தேதியும் டைமும் தப்பாயிரும், இதுல தேதி கரெக்டா இருக்கேன்னு கேட்டேன். பதில் இல்ல, ஓனர் வெளியூர் போயிருக்காராம்.

காசை விடுங்க, எனக்கு வயிறு எரியுறது மாமா வில்லுப்பாட்டை ஏத்தி வச்சிருந்த டி டிரைவுக்குத்தான். ஒரு வார்த்தை கேக்காம ஹார்டு டிஸ்க்குல இருந்த சி, டி ரெண்டு பார்ட்டிஷனையும் அழிச்சு ஒண்ணாக்கி விண்டோஸ் போட்டிருக்கானுவ, ஏத்தி வச்ச வில்லுப்பாட்டு அத்தனையும் போச்சு. உடனே அந்த ஹார்டு டிஸ்க்கை கழட்டி, அதுல ஒண்ணும் எழுதாம, வேற மெஷின்ல மாட்டி அழிஞ்ச ஃபைலை மீட்கிற ஃபோட்டோரெக்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் ஓட விட்டேன். கொஞ்சம் வந்துது, ஆனா ஃபைல் பேரு எதுவும் வராது, வெறும் நம்பர்தான், மாமா ஒவ்வொண்ணா கேட்டு இது இன்ன கதைன்னு பேரு வச்சிட்டு இருக்காரு. மீதியை திரும்ப ஏத்தணும், அதுல சில கேசட் பூஞ்சை புடிச்சு ஓட மாட்டேங்குது.

உங்களுக்கு சவுண்ட் போனா முதல்ல அந்த ஸ்பீக்கர் படத்தை கிளிக் பண்ணி எங்க போகுதுன்னு பாருங்க. முன்னால ஓட்டையில ஹெட்போன் மாட்டிப் பாருங்க, பின்னாலயும் பாருங்க. கொளச்சல், முட்டம் மாதிரி கடல் பக்கத்து வீடுன்னா உப்புக் காத்துல ஜாக் உள்ள பச்சை புடிச்சிரும், அது நிஜமாவே ஹார்டுவேர் பிரச்சனை, கான்டாக்ட் கிளீனர் அடிச்சாலே பல நேரம் சரியாயிரும். சிப் போச்சுன்னு யாராவது சொன்னா, முதல்ல பயாஸ்ல ஆடியோ ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு, ஒரு பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஃப்ரீ ஓஎஸ்) போட்டு இன்ஸ்டால் பண்ணாம அப்படியே பூட் பண்ணி ஒரு பாட்டு போடச் சொல்லுங்க, அதுல சத்தம் வந்தா சிப் நல்லா இருக்கு. கடையில குடுத்தே ஆகணும்னா ஹார்டு டிஸ்க்கை கழட்டி வீட்டுல வச்சிட்டு குடுங்க, சவுண்ட் பாக்க அவனுக்கு உங்க ஃபைல் தேவையில்ல.

பில் இல்லன்னாலும் மாமா ஜிபேல குடுத்ததால அந்த ஸ்கிரீன்ஷாட்டும் துண்டு சீட்டும் இருக்கு. அதை வச்சு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சாச்சு. அதுல ஒண்ணும் நடக்கலன்னா நாரோயில்ல உள்ள மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்கு போறோம், 5 லட்சம் வரைக்கும் கேஸ் போட ஃபீஸ் கிடையாது. நேத்து கடையில இருந்து மாமாவுக்கு போன் வந்துதாம், ஆயிரம் ரூபாய் தாரோம் விட்டுருங்கன்னு. மாமா சொன்னாராம், "தம்பி, எனக்கு பைசா வேண்டாம், அந்த டி டிரைவை கொண்டு வா."