பழைய செவ்ரோலெட் சி10 பிக்கப்: எந்த மாஸ்டர் சிலிண்டர்?

1966 மாடல் வரையிலான செவ்ரோலெட் சி10 பிக்கப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர்தான் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை). ஒரு ஹோஸ் வெடித்தாலோ, வீல் சிலிண்டரில் ரப்பர் கப் கிழிந்தாலோ பெடல் நேரே தரைக்குப் போய்விடும். பிறகு பார்க்கிங் பிரேக்கை நம்ப வேண்டியதுதான். 1967இல் செவ்ரோலெட்டே இரட்டை அறைக்கு மாறிவிட்டது. முன்பக்கம் ஆயில் போனாலும் பின்பக்கம் பிடிக்கும். பழமை மாறக் கூடாது என்று ஒற்றை அறையையே வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. கண்காட்சியில் நிற்கும் வண்டி என்றால் சரி.

உண்மையான போட்டி அடுத்த கட்டத்தில்தான்: சிலிண்டரின் போர் (உள்விட்டம்) 1 அங்குலமா, 1⅛ அங்குலமா? பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, காலுக்கு உண்டு. பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் கருவி) இல்லாத வண்டியில் பெடல் விகிதம் 6:1 என்று வைத்துக்கொள்வோம். 75 பவுண்டு மிதித்தால், பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடில் 450 பவுண்டு விசை. 1 அங்குல பிஸ்டனில் அது சதுர அங்குலத்துக்குச் சுமார் 573 பவுண்டு அழுத்தமாகும். 1⅛ அங்குலத்தில் 453தான். அதே மிதிக்கு ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைகிறது! பெரிய போரில் பெடல் கல்லாக நிற்பதைப் பார்த்து ‘பிரேக் பிரமாதம்’ என்று நினைப்பவர்கள் பலர். வண்டியை நிறுத்துவது பெடலின் இறுக்கம் அல்ல, லைனில் உள்ள அழுத்தம். பூஸ்டர் இல்லையென்றால் 1 அங்குலம்தான் என் தேர்வு. பெடல் கொஞ்சம் கூடுதலாக இறங்கும், அவ்வளவுதான். பூஸ்டரும் முன்பக்க டிஸ்க் பிரேக்கும் இருந்தால் 1⅛ பொருத்தம். காலிப்பர் (டிஸ்க்கைப் பேடுகளால் பிடிக்கும் பகுதி) கேட்கும் ஆயிலை அது குறைந்த பெடல் இறக்கத்திலேயே தள்ளிவிடும்.

டிரம், டிஸ்க் என்று பிரித்து விற்பதையும் கவனியுங்கள். டிரம்முக்கான பல சிலிண்டர்களில் லைனில் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு உள்ளேயே இருக்கும். டிஸ்க்குக்கு மாற்றிய வண்டியில் அதை மாட்டினால் பேட் உரசிக்கொண்டே இருந்து சக்கரம் சுடும். டிஸ்க்குக்கான அறையும் பெரிதாக இருக்க வேண்டும். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் பிஸ்டனின் பின்புறக் குழியில் விரலை விட்டுப் பாருங்கள். பூஸ்டருக்கான சிலிண்டரில் குழி ஆழமில்லாமல் இருக்கும். பூஸ்டர் இல்லாத வண்டியில் அதைப் பொருத்தினால் புஷ் ராடு நழுவி வெளியே வந்துவிடலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு வாங்கும்போது குழி ஆழமாக இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.