ஸ்பீட்கிளாஸ் 9100 எக்ஸ்எக்ஸ்: வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

வெல்டிங் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி தானாகக் கருக்கும் ஆட்டோ ஹெல்மெட் வாங்குகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு சீக்கிரம் இருட்டாகும்?" த்ரீஎம் கம்பெனியின் இந்த மாடலில் 0.1 மில்லிசெகண்ட். சிங்கப்பூர் ஜாலான் புசார் ஹார்டுவேர் கடைகளில் தொங்கும் மலிவுச் சரக்கின் அட்டையில் 1/25000 செகண்ட், அதாவது 0.04 மில்லிசெகண்ட் என்றுகூடப் போட்டிருக்கும். அந்தக் கணக்கில் மலிவானதுதான் ஜெயிக்கும்!

ஆனால் கண்ணில் ஆர்க் அடிப்பது, அதாவது வெல்டிங் தீப்பொறியின் வெளிச்சம் கண்ணைச் சுடுவது, புறஊதாக் கதிரால். நல்ல ஃபில்டர், அதாவது கருக்கும் கண்ணாடி, கருத்தாலும் கருக்காவிட்டாலும் அதைத் தடுக்கும். 9100-இல் பேட்டரி செத்தாலும் ஷேட் 13 (ஷேட் என்பது கருமையின் எண்) அளவுக்குத் தடுப்பு உண்டு. பிறகு எங்கிருந்து அடிக்கிறது? ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு வெல்டிங்மேல் படியும் ஸ்லாக் ஓட்டைத் தட்டும்போது பக்கத்து ஆள் பத்தவைப்பான். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியின் உள்பக்கம் பட்டுத் தெறிக்கும். "ஒரு டேக்தானே" என்று, பிடித்து நிற்க வைக்கும் சின்ன வெல்டிங்கை வெறுங்கண்ணோடு போடுவதும் உண்டு. ஆகவே எந்த ஹெல்மெட் வாங்கினாலும் உள்ளே பாலிகார்பனேட் சேஃப்டி மூக்குக்கண்ணாடி கட்டாயம். ஹெல்பருக்கும்தான்.

இந்த மாடலுக்குக் காசு கொடுக்கலாம் என்பதற்குக் காரணம், ஆர்க்கைக் கண்டு கண்ணாடியைக் கருக்கவைக்கும் சென்சார். ஆர்கான் வெல்டிங்கில் பைப்புக்கு அடியில் கை போகும்போது, இரண்டு சென்சார் உள்ள ஹெல்மெட்டில் இரண்டையும் பைப்பே மறைத்துவிடும். கண்ணாடி மினுக் மினுக்கென்று வெளுத்துக் கருக்கும். இதில் மூன்று சென்சார், ஐந்து படி சென்சிடிவிட்டி. சாதாரண ராடு வேலைக்கு 2. குறைந்த ஆம்பியர் ஆர்கானுக்கு 3 அல்லது 4. ஆர்க் பாதி மறைந்தால் 5. பக்கத்தில் இன்னொருவர் பத்தவைத்து, உங்கள் கண்ணாடி சும்மா சும்மா கருத்தால் 1-க்கு இறக்குங்கள். கிரைண்டிங்குக்கு ஷேட் 3-இல் பூட்டி வைக்கலாம். மறுபடி பத்தவைக்கும் முன் பூட்டை எடுக்க மறந்தால், புறஊதா தடுபட்டாலும் கண் கூசும் வெளிச்சத்தை எந்த ஹெல்மெட்டும் தடுக்காது.

ஷேட் 5, 8, 9 முதல் 13 வரை. ராடில் 60–160 ஆம்பியருக்கு 10, அதற்குமேல் 250 வரை 11 அல்லது 12. இருட்டிலிருந்து தொடங்கி, உருகிய உலோகக் குட்டை தெளிவாகத் தெரியும்வரை ஒவ்வொன்றாக இறக்குவதே முறை.

பார்க்கும் பரப்பு 73 × 107 மி.மீ. தாராளம். பக்கவாட்டு ஜன்னல்கள் ஷேட் 5. டேக் போட வரும் ஃபிட்டரின் கை தெரியும். நெருக்கமான வேலை இடத்தில் பக்கத்திலேயே ஆர்க் எரிந்தால் அது போதாது, மூடி போட்டுவிடுங்கள்.

குறைகள்: விலை அதிகம். நம் ஊர் வேர்வையில் நெற்றிப்பட்டை சீக்கிரம் நாறும், கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள். வெளி கவர் பிளேட்டில் ஸ்பேட்டர் (தெறிக்கும் உலோகத் துளி) ஒட்டி மங்கினால் மாற்றுங்கள். அது இல்லாமல் பத்தவைத்தால் பொறி நேராக ஃபில்டரில் விழும், அதன் விலை என்ன என்று கேட்டுப் பாருங்கள். தின்னர் போட்டுத் துடைக்கக் கூடாது. பேட்டரி சிஆர்2032 இரண்டு, கம்பெனி கணக்குப்படி 2000 மணி நேரம்.

தப்பித் தவறி அடித்துவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, டார்மிட்டரியில் தூங்கும்போது கண்ணில் மணல் கொட்டியதுபோல் இருக்கும். உருளைக்கிழங்கு, தாய்ப்பால் வைத்தியமெல்லாம் வேண்டாம், கண்ணுக்குள் கிருமிதான் போகும். மரக்கச்செய்யும் சொட்டு மருந்தை அறையில் வைத்து ஊற்றினால் கருவிழி ஆறாது. டாக்டரிடம் போங்கள், பெரும்பாலும் 24–48 மணி நேரத்தில் சரியாகும்.

சொந்தக் காசில் வாங்குமுன் சேஃப்டி சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேலைக்கு ஏற்ற கண் பாதுகாப்பைத் தரவேண்டியது முதலாளி பொறுப்பு.