பென்ட்ரைவைக் கைமாற்ற முன்: போர்மற்றா, பூட்டா, சுத்தியலா?

"தம்பி, எல்லாம் அழிச்சுப் போட்டன். மருமகனுக்குக் குடுக்கலாம்தானே?" என்று திருநெல்வேலி மாமி 32 ஜிபி பென்ட்ரைவ் ஒன்றை நீட்டினா. அவவைக் கேட்டுவிட்டு, அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை அதில் ஓடவிட்டேன். காணி உறுதியின் ஸ்கான், அடையாள அட்டையின் இரண்டு பக்கம், பேத்தியின் சாமத்தியவீட்டுப் படங்கள் எல்லாம் பெயரிழந்து வெறும் இலக்கங்களோடு எழும்பி வந்தன. மாமிக்கு முகம் கறுத்துப் போச்சு.

அவ செய்தது குவிக் போர்மற். படலையில் இருந்த இலக்கத்தகட்டைக் கழற்றிவிட்டு வீட்டையே இடித்ததாக நினைக்கிற வேலை அது.

அந்த 'குவிக்' பெட்டியில் உள்ள சரியை எடுத்துவிட்டால் முழு போர்மற். விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸ் இதில் முழு ட்ரைவிலும் பூச்சியத்தை எழுதுகிறது. செக்கனுக்கு 10 எம்பி எழுதும் மலிவுச் சாமானுக்கு 32 ஜிபி முடிய ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகச் செல்லும். மாமியின் ட்ரைவில் அதன்பிறகு போட்டோரெக்குக்கு ஒன்றும் அகப்படவில்லை.

தனிக் கோப்பை மட்டும் மேலெழுதி அழிக்கும் மென்பொருள்களை நான் பென்ட்ரைவுக்கு நம்புவதில்லை. அதற்குள் இருக்கும் பிளாஷ் நினைவகம் தேய்மானத்தைப் பகிர்வதற்காகப் புதியதை வேறு இடத்தில் எழுதும். பழையது உள்ளேயே கிடக்கலாம். 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். முழு ட்ரைவையும் இரண்டு தடவை நிரப்புவது பெரும்பாலும் போதும், எப்போதும் அல்ல என்பது அவர்கள் கண்டது. அழிக்க 35 தடவை மேலெழுத வேண்டும் என்ற கதை 1996இல் ஹார்ட் டிஸ்க் போன்ற காந்தத் தட்டுகளுக்காக வந்தது. பென்ட்ரைவில் அப்படிச் செய்தால் ஆயுள்தான் குறையும்.

ஆகவே என் வாக்கு பூட்டுக்கே, அதாவது கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி எல்லாவற்றையும் குறியாக்கி வைப்பதற்கே, அதுவும் முதல் கோப்பு ஏற முன்னமே. விண்டோஸின் சொந்தப் பூட்டான பிட்லொக்கர் வசதிதான், ஆனால் பூட்டுவதற்கு விண்டோஸ் புரோ வேண்டும், ஹோம் பதிப்பில் திறக்க மட்டும் முடியும். பாவித்த ட்ரைவென்றால் 'முழு ட்ரைவும்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் பழைய மிச்சங்கள் பூட்டுக்கு வெளியே நிற்கும். வெராகிரிப்ட் என்ற இன்னொரு பூட்டு மென்பொருள் இலவசம், ஆனால் போட்டோக்கொப்பிக் கடைக் கொம்பியூட்டரில் அட்மின் அனுமதி இல்லாமல் திறபடாது. கடைக்கு நான் கொண்டுபோவது பழைய 4 ஜிபி ஒன்று, அச்சடிக்க வேண்டிய கோப்பு மட்டும் அதில்.

பழுதாகி எழுத மறுக்கும் ட்ரைவுக்குச் சுத்தியல்தான். யூஎஸ்பி முனையை நசுக்கிப் பிரயோசனமில்லை, உள்ளே உள்ள கறுப்புச் சிப் நொறுங்க வேண்டும். மைக்ரோ எஸ்டி அட்டையைக் கத்தரிக்கோலால் பல துண்டாக்கலாம். காந்தம் வைப்பது வீண்.

மாமியின் உறுதி இப்போது பூட்டிய புது ட்ரைவில். கடவுச்சொல்லைச் சாமியறைப் பஞ்சாங்கத்தின் பின்மட்டையில் எழுதி வைத்திருக்கிறா. "கள்ளன் வந்து பஞ்சாங்கமே பார்க்கப் போறான்?" என்றா. சித்திரை பிறக்கப் பழசைத் தூக்கி எறியாமல் இருந்தால் சரி.