பொட்டாசியம்: உப்பை மாற்றுவதா, தட்டை மாற்றுவதா?

ரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் நிற்கிறது, பொட்டாசியத்தைக் கூட்டிப் பாருங்கள் என்றார் மருத்துவர். அது சிறுநீரகத்தைச் சோடியத்தை வெளியேற்ற வைக்கும், ரத்தக்குழாய்களையும் இளக்கும். சரி, எதிலிருந்து எடுப்பது? மாத்திரை, சோடியம் குறைந்த உப்பு, சாப்பாடு என்று மூன்று வழி.

மாத்திரையை நான் போட்டுப் பார்த்ததில்லை. சீட்டில்லாமல் கிடைப்பவற்றில் பலவும் 99 மி.கி.தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வதோ நாளுக்குக் குறைந்தது 3,510. ஒரு வாழைப்பழத்திலேயே சுமார் 400 இருக்கிறது.

உப்பு அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்திய ஆய்வில் (2021இல் வெளியானது) பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நானும் இரண்டு மாதம் பயன்படுத்தினேன். கொதிக்கும் குழம்பில் வித்தியாசமே தெரியவில்லை. வெள்ளரித் துண்டில் தூவினால் மட்டும் நாக்கின் ஓரத்தில் லேசான கசப்பு.

பிறகு ஏன் விட்டேன்? வீட்டில் உலை ஒன்று, உப்பும் ஒன்று. அப்பா டெல்மிசார்ட்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை போடுகிறார். அது பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினினும் சற்று ஏறியிருப்பதால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உண்ணும் பொட்டாசியத்தில் பெரும்பகுதியைக் கழிப்பது சிறுநீரகம்தான். அது தளர்ந்தால் ரத்தத்தில் அளவு ஏறும். பெரிய அறிகுறி எதுவும் காட்டாமலே இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். 2025இல் இந்த உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. என் மருந்தை அப்பாவின் குழம்பிலும் கலந்துகொண்டிருந்தேன் என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. அப்பாவுக்கு எதுவும் ஆகவில்லை, நல்லவேளை.

எல்லோருக்கும் சிறுநீரகம் நன்றாக இருக்கிற, இப்படிப்பட்ட மருந்து எதுவும் போடாத வீடென்றால் உப்பை மாற்றுவதுதான் சுலபம் என்பேன். சாப்பாட்டு வழியில் மெனக்கெட வேண்டும்: பயறு, கீரை, பழம் என்று தினமும் யோசிக்க வேண்டும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குடித்துவிட வேண்டும். பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதே காரணம்.

அதுவே அப்பாவுக்கு வசதி. அவர் பங்கு உருளைக்கிழங்கைத் தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுகிறேன். என்னுடையது தோலோடு அப்படியே அடுப்பில் சுட்டு வருகிறது. நடுத்தரக் கிழங்கு ஒன்றில் 900 மி.கி. வரை.